வெள்ளிக்கிழமைச் சந்தையில் மழை பெய்தால்… அணைக்கு என்ன போய்ச் சேரும்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில், வேப்பனப்பள்ளிக்குப் பிரியும் கூட்ரோட்டில் இருக்கிறது குந்தாரப்பள்ளி. வெள்ளிக்கிழமை என்றால் இந்த ஊரை அடையாளம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. விடியும் முன்பே ஆடுகளை ஏற்றிக்கொண்டு மினி லாரிகள் வந்துவிடும். ஆந்திரா, கர்நாடகா வியாபாரிகளும் இறங்கிவிடுவார்கள். தீபாவளி, பக்ரீத், யுகாதி வாரங்களில் வியாபாரம் கோடிகளைத் தொடும். மதியத்துக்குள் கூட்டம் கலைந்துவிடும். தரையில் மிஞ்சுவது புழுக்கை, மூத்திரம், தழை, வைக்கோல்.

அன்று மாலையே ஒரு மழை பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் மைதானம் பளிச்சென்று ஆகிவிடும். ‘நல்ல மழை, ஊரையே கழுவி விட்டுருச்சு’ என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

கழுவிய தண்ணீர் எங்கே போனது?

பள்ளம் பார்த்துப் போனது. சாலையோரக் கால்வாய், அங்கிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஏரி அல்லது ஆறு. வேப்பனப்பள்ளி பக்கமிருந்து வரும் மார்க்கண்டேய நதியும், ஓசூர் பக்கமிருந்து வரும் தென்பெண்ணையும் கிருஷ்ணகிரி அணைப் பக்கம்தான் வந்து சேர்கின்றன. கே.ஆர்.பி. அணை என்று எல்லோரும் சொல்கிறார்களே, 52 அடி உயரம் தண்ணீர் நிற்கும் அதே அணை. அதன் இடது, வலது கால்வாய்களை நம்பி சுமார் 9,000 ஏக்கர் நிலம் இருக்கிறது.

சந்தையிலிருந்து போனது ஒரு பங்குதான். அதே மழை மாந்தோப்பிலும் பெய்தது, தக்காளித் தோட்டத்திலும் பெய்தது. நெடுஞ்சாலையிலும் தொழிற்சாலைக் கூரையிலும் பெய்தது. ஒவ்வோர் இடத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஒரே பள்ளத்துக்குத்தான் வந்தது. எந்த இடத்திலிருந்து எவ்வளவு வந்தது என்று கணக்குப் பார்க்க முடியுமா? முடியும். இந்த வாரம் அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம்.

நுரைக்கு முகவரி உண்டு

தென்பெண்ணை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஓசூர் கெலவரப்பள்ளி அணையின் நுரை. கர்நாடகத்தில் மழை பெய்து அணைக்குத் தண்ணீர் வரத்து கூடும்போதெல்லாம், மதகுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று நுரை மலைபோல் குவியும். போட்டோ வரும், வீடியோ வரும், டி.வி.யில் செய்தி ஓடும். தென்பெண்ணை நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரு பக்கத்துக் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டுதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி நீர் கடைசியில் வந்து சேருவதும் இந்த ஆற்றில்தான். பெல்லந்தூர் ஏரி நுரைத்ததும், தீப்பிடித்து எரிந்ததும் நாடே பார்த்த காட்சிகள்.

இந்த வகை மாசுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதற்கு முகவரி உண்டு. ஒரு குழாய் இருக்கும், ஒரு கால்வாய் இருக்கும், ஓர் ஆலையோ நகராட்சியோ இருக்கும். குழாய் வாயில் ஒரு பாட்டில் பிடித்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லிவிடும். 1974-ல் வந்த நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் இயங்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் பெரும்பாலும் இந்த முறையில்தான் வேலை செய்கின்றன. ஆலை அனுமதி வாங்க வேண்டும், கழிவை இந்த அளவுக்குச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும், மீறினால் நடவடிக்கை.

தக்காளித் தோட்டத்துக்கு எந்தக் குழாய்? சந்தை மைதானத்துக்கு எந்த வாய்? நெடுஞ்சாலைக்கு யார் பொறுப்பு? ஆயிரம் வயல்களிலிருந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி வந்தால், யார்மீது வழக்குப் போடுவது?

இதைத்தான் ‘பரவலான மாசு’ என்கிறார்கள். ஒரே புள்ளியிலிருந்து வராமல், நிலப்பரப்பு முழுவதிலிருந்தும் மழையின் முதுகில் ஏறி வரும் மாசு. நுரைபோல் கண்ணுக்குத் தெரியாது, நாற்றமும் அடிக்காது. அதனால் செய்தியிலும் வராது.

எந்த நிலம் எதைக் கொடுக்கும்?

நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோமோ அதற்கு ஏற்றபடிதான் மழைநீர் எதையாவது எடுத்துக்கொண்டு வரும். குந்தாரப்பள்ளியைச் சுற்றி ஒரு நடை போனாலே அத்தனை வகை நிலத்தையும் பார்த்துவிடலாம்.

மாந்தோப்பு: கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அடையாளம். மாங்கூழ் ஆலைக்குப் போகும் ‘பெங்களூரா’ ரகம்தான் இங்கே அதிகம். மரத்தடி புல் மூடியிருந்தால் மண் அவ்வளவாக அரிக்காது. சுத்தமாக உழுது போட்டிருந்தால், முதல் கோடை மழையிலேயே செம்மண் கரைந்து ஓடும். பூக்கும் பருவத்தில் அடித்த மருந்தின் மிச்சமும் மண்ணோடு சேர்ந்து போகும்.

காய்கறித் தோட்டம்: தக்காளி, முட்டைகோஸ், குடைமிளகாய், கூடவே ஓசூர் பக்கத்து ரோஜா. குறுகிய காலத்தில் அதிக விளைச்சல் வேண்டும் என்பதால் உரமும் தண்ணீரும் அதிகம். யூரியாவின் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் ஓடைக்கும் போகும், நிலத்தடிக்கும் இறங்கும். டி.ஏ.பி.யின் பாஸ்பரஸ் குணம் வேறு. அது மண் துகளைப் பிடித்துக்கொண்டு, மண் எங்கே போகிறதோ அங்கே போகும். ஏரியில் பச்சைப் பாசி படர்வதிலும் ஆகாயத்தாமரை பெருகுவதிலும் இந்த இரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு.

சந்தை, பட்டி, தொழுவம்: கால்நடை ஓரிடத்தில் நெருக்கமாக நிற்கும் இடம். வயலில் சிதறிக் கிடந்தால் அது எரு. ஓடையில் விழுந்தால் அதுவே கிருமி. தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் அது தின்றுவிடும், மீன்களுக்கு மூச்சு முட்டும்.

சாலை: டயர் தேய்மானம், பிரேக் தூள், சிந்திய டீசல், ஆயில். ராத்திரி பகலாக லாரி ஓடும் நெடுஞ்சாலையில் வெயில் காலம் முழுக்க இவை படிந்துகொண்டே இருக்கும். முதல் மழையின் முதல் அரை மணி நேரத்தில் வழித்து எடுத்துக்கொண்டு போய்விடும். அந்த முதல் தண்ணீர்தான் மிக மோசமான தண்ணீர்.

கூரையும் தளமும்: ஓசூர் தொடங்கி கிருஷ்ணகிரி வரை தொழிற்பேட்டைகளும் கிடங்குகளும் கூடிக்கொண்டே வருகின்றன. ஒரு ஏக்கர் நிலத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 2 லட்சம் லிட்டர். நிலம் வயலாக இருந்தால் அதில் பெரும்பங்கை மண் குடித்துக்கொள்ளும். கான்கிரீட்டாக இருந்தால் ஏறக்குறைய முழுவதும் ஓடும். வழியில் கிடப்பதையும் சேர்த்து இழுக்கும்.

வீடுகள்: அடித்தளம் போடாத செப்டிக் டேங்க், தெருவில் விடும் குளியல் தண்ணீர், மண்வீதி. இவையும் இந்தக் கணக்கில் உண்டு.

ஒரு யூரியா மூட்டையின் கணக்கு

‘கொஞ்சம் கொஞ்சம்தானே, அதனால் என்ன ஆகிவிடும்?’ என்று தோன்றலாம். ஒரே ஒரு மூட்டையை எடுத்துக்கொள்வோம்.

இப்போது கிடைக்கும் யூரியா மூட்டை 45 கிலோ. யூரியாவில் 46 சதவிகிதம் நைட்ரஜன். ஆக, மூட்டைக்குள் இருப்பது 20.7 கிலோ நைட்ரஜன். இது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறக்குறைய 92 கிலோ.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அப்படிப் பார்த்தால், ஒரு மூட்டை யூரியாவின் நைட்ரஜன், கொஞ்சமும் நைட்ரேட் இல்லாத 20 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்கே கொண்டுபோய் நிறுத்திவிடும்.

மூட்டை முழுவதும் அப்படி வீணாவதில்லை. பயிர் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், இன்னொரு பங்கு காற்றில் போகும். கால் பங்குதான் தண்ணீருக்குள் போகிறது என்று வைத்தாலும் 5 லட்சம் லிட்டர். கிணறுகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதில் விவசாயிக்கும் நஷ்டம்தான். தண்ணீருக்குப் போனது அவர் காசு கொடுத்து வாங்கிய உரம். உரம் போட்ட மறுநாள் கனமழை கொட்டினால் அந்த நஷ்டம் எவ்வளவு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

எப்படி அளக்கிறார்கள்?

குழாய் இல்லாத மாசை அளக்க நிபுணர்கள் மூன்று வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

முதல் வழி, வரைபடம். முதலில் ஓர் ஓடையைத் தேர்ந்தெடுத்து, எந்தெந்த நிலத்தில் விழும் மழை இந்த ஓடைக்கு வருகிறது என்று எல்லை போட வேண்டும். இதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதற்குள் கரடு எவ்வளவு, தோப்பு எவ்வளவு, காய்கறி எவ்வளவு, ஊர் எவ்வளவு என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பிரிக்கலாம். ஒவ்வொரு வகை நிலமும் ஓர் ஆண்டில் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ நைட்ரஜனைத் தண்ணீருக்குள் விடும் என்று ஓர் எண் வைத்துக்கொண்டு பரப்பளவோடு பெருக்க வேண்டும்.

ஒரு கற்பனை ஓடையை எடுத்துக்கொள்வோம். எண்களும் உதாரணத்துக்கு மட்டுமே. அதன் நீர்ப்பிடிப்பு 200 ஹெக்டேர். கரடு 80 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 2 கிலோ வீதம் 160 கிலோ. மாந்தோப்பு 70 ஹெக்டேர், 6 கிலோ வீதம் 420 கிலோ. காய்கறி 40 ஹெக்டேர், 20 கிலோ வீதம் 800 கிலோ. ஊர், சாலை, சந்தை சேர்த்து 10 ஹெக்டேர், 12 கிலோ வீதம் 120 கிலோ. மொத்தம் 1,500 கிலோ. இதில் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் காய்கறித் தோட்டங்கள் மட்டும் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டன. எங்கே முதலில் கவனம் வைக்க வேண்டும் என்று இந்தச் சின்னப் பெருக்கலே காட்டிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த ‘ஹெக்டேருக்கு இத்தனை கிலோ’ எண்கள் பல வெளிநாடுகளில், வேறு மண்ணில், வேறு மழையில் அளந்தவை. செம்மண்ணும் பாறையும் கலந்த கிருஷ்ணகிரிக்கு அவை அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டாவது வழி வேண்டும்.

இரண்டாவது வழி, நேரடி அளவு. ஓடையில் மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். நடுவில் சந்தையோ தோட்டமோ இருக்கட்டும். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் மாதிரி எடுத்துப் பார்த்தால், நடுவில் எவ்வளவு கூடியது என்று தெரிந்துவிடும். இதில் முக்கியமான ஒன்று உண்டு. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை, ஓடும் லிட்டரோடு பெருக்கினால்தான் உண்மையான சுமை தெரியும்.

மூன்றாவது வழி, கணினி மாதிரி. மழை, சரிவு, மண் வகை, பயிர், உரம் எல்லாவற்றையும் கொடுத்தால், எந்த மழைக்கு எவ்வளவு ஓடும் என்று அது கணித்துச் சொல்லும். நேரடி அளவோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகுதான் அதை நம்பலாம்.

மழை நாளில் யார் பாட்டில் பிடிப்பது?

இந்த இடத்தில்தான் மொத்தக் கணக்கும் தப்பிப்போக வாய்ப்பு இருக்கிறது. இன்னொரு சின்ன உதாரணம்.

வெயில் நாளில் ஒரு சிற்றோடையில் நொடிக்கு 10 லிட்டர் ஓடுகிறது. நைட்ரேட் லிட்டருக்கு 4 மில்லிகிராம். ஒரு நாள் முழுக்க ஓடினால் கீழே போகும் நைட்ரேட் சுமார் 3.5 கிலோ.

ஒரு கனமழை நாளில் அதே ஓடையில் ஆறு மணி நேரத்துக்கு நொடிக்கு 500 லிட்டர் ஓடுகிறது. நைட்ரேட் 12 மில்லிகிராம். இரண்டு அளவுமே 45-க்கு வெகு கீழே இருப்பதால், ஆய்வக அறிக்கையைப் பார்ப்பவருக்கு ஒன்றும் உறுத்தாது. ஆனால் பெருக்கிப் பாருங்கள். ஆறு மணி நேரத்தில் கீழே போனது சுமார் 130 கிலோ. வெயில் நாள் கணக்கில் அது 37 நாள் சுமை!

மாதம் ஒரு முறை, அதுவும் வேலை நாளில், மழை விட்ட பிறகு, பகல் நேரத்தில் வந்து மாதிரி எடுத்தால் இந்த 130 கிலோ எந்த ஏட்டிலும் ஏறாது. ஆறு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று அறிக்கை சொல்லும். அணையின் அடியில் மட்டும் வண்டலும் சத்தும் சேர்ந்துகொண்டே போகும்.

பரவலான மாசை மதிப்பிடும் வேலையில் ஒரே ஒரு விதியைச் சொல்லச் சொன்னால் அது இதுதான்: மழை பெய்யும்போது அளக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் மே மாத இடி மழை, செப்டம்பர், அக்டோபர் மழை ஆகியவற்றின் முதல் நாள்கள் இதற்கு மிக முக்கியம்.

குடிக்கிற தண்ணீரில் என்ன பிரச்னை?

நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. அளவு கூடிய கிணற்று நீரைக் கலந்து பால்பவுடர் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். ரத்தம் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் திறன் குறைந்து, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூக்கும்.

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. ‘கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அது உண்மை. நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. முறையில் குறைக்கலாம், அல்லது பாதுகாப்பான வேறு தண்ணீரைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு குழப்பமும் இந்த மாவட்டத்தில் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அது பாறையிலிருந்து இயற்கையாகவே கரைந்து வருவது. பல்லில் கறை, எலும்புப் பாதிப்பு என்று மக்களைப் பாடாய்ப் படுத்தியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதற்கு உரத்தைக் குறை சொல்வது சரியில்லை. நைட்ரேட்டுக்குப் பாறையைக் குறை சொல்வதும் சரியில்லை. இயற்கையாக இருப்பது எவ்வளவு, நாம் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது மதிப்பீட்டின் பாதி வேலை. நைட்ரேட்டோடு குளோரைடும் மலக்கிருமியும் கூடியிருந்தால் சந்தேகம் செப்டிக் டேங்க், தொழுவம் பக்கம் திரும்பும். நைட்ரேட் மட்டும் கூடியிருந்தால் உரத்தின் பக்கம் திரும்பும்.

மாநில எல்லை தண்ணீருக்குத் தெரியாது

மார்க்கண்டேய நதிக்கு இன்னொரு கதையும் உண்டு. அதன் குறுக்கே கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் யார்கோளில் அணை கட்டப்பட்டது. தென்பெண்ணைப் படுகையில் கர்நாடகத்தின் இத்தகைய பணிகளை எதிர்த்துத் தமிழ்நாடு 2018-ல் உச்ச நீதிமன்றம் போனது. தடை கேட்ட மனு 2019 நவம்பரில் நிராகரிக்கப்பட்டது. அந்த வழக்கின் மையம் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது. அளவு குறைந்தால் தரமும் கூடவே கெடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆற்றில் ஓடும் நல்ல தண்ணீர் குறைந்தால், அதே நைட்ரேட், அதே புழுக்கை, குறைந்த தண்ணீரில் கலக்கும். செறிவு தானாகவே ஏறும்.

மேலே இருப்பவர் என்ன விடுகிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வி வலுவாக இருக்க வேண்டுமானால், எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் சேர்ப்பது எவ்வளவு என்ற கணக்கும் கையில் இருக்க வேண்டும். சாத்தனூர், விழுப்புரம், கடலூர் மக்களுக்கு மேலே இருப்பவர்கள் நாம்தானே?

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவில் 1972-ல் வந்த தூய நீர்ச் சட்டம் குழாய்களைக் கட்டுப்படுத்தியது. ஆலைகள் பல திருந்தின. ஆனாலும் பல ஏரிகளும் ஆறுகளும் எதிர்பார்த்த அளவுக்குத் தெளியவில்லை. வயலும் தெருவும் கணக்கில் வரவில்லை என்பது புரிந்து, 1987-ல் பரவலான மாசுக்கென்றே அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1991-ல் விவசாய நைட்ரேட்டுக்கென்றே தனி உத்தரவு போட்டது.

நியூயார்க் நகரம் செய்ததுதான் நமக்கு நெருக்கமான பாடம். குடிநீர் வரும் மலைப்பகுதியில் மாட்டுப் பண்ணைகள் இருந்தன. பெரும் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதா, பண்ணைகளிலேயே மாசைத் தடுப்பதா என்ற கேள்வி வந்தது. 1997-ல் நகரமும் மலைக் கிராமங்களும் ஒப்பந்தம் போட்டன. சாணக் குழி கட்டவும், ஓடையோரம் வேலி போடவும், செப்டிக் டேங்க் சரிசெய்யவும் நகரமே பணம் கொடுத்தது. விவசாயியைக் குற்றவாளியாக்காமல் கூட்டாளியாக்கினார்கள்.

இங்கே என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊர் அளவிலேயே தொடங்கக்கூடியவை இவை.

சந்தைக்கு: கூட்டம் கலைந்ததும், மழை வரும் முன்பே புழுக்கையைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஆட்டெருவுக்கு இந்தப் பக்கத்தில் எப்போதும் கிராக்கி உண்டு, ஏலம் விட்டால் வருமானம்கூட வரும். மைதானத்தின் தாழ்ந்த மூலையில் வண்டல் படியும் குழி ஒன்று இருந்தால், முதல் மழைத் தண்ணீர் நேரே ஓடைக்குப் போகாது.

விவசாயிக்கு: மண் பரிசோதனை செய்து தேவையான அளவு மட்டும் போடுவது. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது. போனில் மழை அறிவிப்பைப் பார்த்துவிட்டு உரம் வைப்பது. ஓடையை ஒட்டி நான்கைந்து அடிக்குப் புல் வரப்பை உழாமல் விடுவது. ஓடும் மண்ணைப் புல் பிடித்துக்கொள்ளும், மாட்டுக்கும் தீவனம் ஆகும்.

ஏரிக்கு: ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்து வயலில் போட அரசு அனுமதிக்கிறது. வயலிலிருந்து போன சத்துதான் அந்த வண்டல். அனுமதி வாங்கி எடுத்தால் ஏரியும் ஆழமாகும், வயலுக்கும் சத்து திரும்பும்.

தொழிற்பேட்டைக்கு: கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பதும், வாகனத் தளத்துத் தண்ணீரை எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாக விடுவதும். முற்றத்து மழைநீரும் அந்த வளாகத்தின் பொறுப்புதான்.

ஊராட்சிக்கு: ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வழி இருக்கிறது. நைட்ரேட், ஃப்ளூரைடு இரண்டையும் ஊரிலேயே முதல் கட்டமாகப் பார்த்துவிடலாம். குழாய்த் தண்ணீரைப் பார்க்கும் அதே கைகள் மழை பெய்த அன்று ஓடையிலும் ஒரு பாட்டில் பிடித்தால் போதும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வைத்தால், அன்று எத்தனை மி.மீ. பெய்தது என்ற குறிப்பும் கூடவே கிடைக்கும். ஓரிரு ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், குந்தாரப்பள்ளிக்கே சொந்தமான எண்கள் வந்துவிடும். வெளிநாட்டுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுக்களோடு அன்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: ‘போன வருஷம் மழை பெய்த அன்னைக்கு நம்ம ஓடைத் தண்ணியை யாராவது சோதிச்சீங்களா?’

குந்தாரப்பள்ளி சந்தையோ, மாந்தோப்போ, நெடுஞ்சாலையோ ஆற்றைக் கெடுக்கிறது என்று இப்போது யாரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அளந்தால்தான் தெரியும். ஒருவேளை சந்தையின் பங்கு மிகக் குறைவாக இருக்கலாம், செப்டிக் டேங்க்கின் பங்கு அதிகமாக இருக்கலாம். அளக்காத வரை ஓசூர் நுரையைக் காட்டிக்கொண்டே இருப்போம், நம் பங்கு கணக்கில் வராமலே அணைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சந்தை கூடும். மாலையில் மேகம் கறுத்தால், மழை வரும் முன்பு மைதானத்தில் ஒரு விளக்குமாறும், ஓடையில் ஒரு பாட்டிலும் இருந்தால் நல்லது.